எருமையை விற்றுக் குதிரை வாங்கிய கதை

1986-இல் அப்பாவின் புல்லட்டை 8,000 ரூபாய்க்கு விற்றேன். அவர் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டியைப் பார்க்க வந்தவருக்குக் காபி மட்டும் கொடுத்தாள்.

திருவொற்றியூரில் பிறந்த அந்த வண்டிக்கு வீட்டில் நான் வைத்த பெயர் எருமை. பெயரில் பொய் இல்லை. காலையில் அதைக் கிளப்புவது ஒரு பூஜை. டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, லீவரை விட்டு, சாமியை நினைத்து உதைக்க வேண்டும். முள் பிசகினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கிளம்பிவிட்டாலோ யார் அவசரப்படுத்தினாலும் கேட்காது. டுப், டுப், டுப் என்று தன் போக்கில் போகும். அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான்.

எனக்கு அப்போது வயது 23. பைக்ராஃப்ட்ஸ் சாலை நடைபாதையில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று வாங்கியிருந்தேன். அதில் ஒரு படம். சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750, 1985-இல் வந்தது. இரண்டு வட்ட விளக்கும் அலுமினியச் சட்டமுமாக, பந்தயத்திலிருந்து தப்பி ஓடிவந்து நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டது போலிருக்கும். 100 குதிரைத்திறன், எடை 176 கிலோ. எடைதான் என்னைக் கிறுக்காக்கியது. எங்கள் வீட்டு எருமைக்கும் ஏறக்குறைய அதே எடை. திறன் 18 குதிரைதான். படத்தைக் கிழித்து, அப்பா மாட்டியிருந்த முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அம்மா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. முருகனுக்கு வாகனம் மாறிவிட்டதாக நினைத்திருப்பாள்.

ஜிஎஸ்எக்ஸ்-ஆர் வாங்க வழியில்லாதவனுக்கு ஊரில் கிடைத்தது ராஜ்தூத் 350. எழுபதுகளில் யமஹா செய்த ஆர்டி 350-ஐ, 1983 முதல் எஸ்கார்ட்ஸ் கம்பெனி இங்கே செய்து விற்றது. ஜப்பான்காரர்கள் அதில் 39 குதிரையைப் பூட்டியிருந்தார்கள். நம்மூர் பெட்ரோல் விலையை உத்தேசித்து இங்கே அது 30 சொச்சமாக இறங்கியது. முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு டிரம் வைத்தார்கள். ஓடுவதைக் குறைத்தோம், அப்படியே நிற்பதையும் குறைத்துவிடுவோம் என்ற கணக்கு. ஆர்டி என்றால் ‘ரேபிட் டெத்’ என்று நாங்கள் விரிவாக்கம் சொல்வோம். சொல்லும்போதே முகத்தில் ஒரு பெருமை இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எருமை கொடுத்த பணம் பாதிக்குத்தான் வந்தது.

புதுப்பேட்டையில் ஒரு பாய் இருந்தார். பாதி இருட்டான கடை. தலைக்கு மேலே கயிற்றில் சைலன்ஸர்களாகத் தொங்கும், கசாப்புக் கடை போல. என் வண்டியின் இரண்டு சைலன்ஸரையும் அறுத்து, தகரத்தைக் கூம்பு கூம்பாகச் சுருட்டி வெல்டிங் வைத்து, முன்னால் ஒல்லியாகவும் நடுவில் ஏழாம் மாத வயிறாகவும் பின்னால் மறுபடி ஒல்லியாகவும் இரண்டு குழாய் செய்தார். எதற்கு பாய் இந்த வயிறு என்று கேட்டேன்.

“தம்பி, புகை வெளிய போறது பெரிய விஷயமில்ல. போன வேகத்துல கொஞ்சம் திரும்பி வந்து கதவத் தட்டணும். அப்பத்தான் உள்ள வந்த புது பெட்ரோல் வெளிய ஓடாது.”

டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் மொத்த சாஸ்திரமும் அவ்வளவுதான். அந்த வகை இன்ஜினில் புதுக் கலவை உள்ளே வரும்போது புகைவாசலும் திறந்தே கிடக்கும். வந்ததில் கொஞ்சம் எரியாமலே வெளியேறிவிடும். வயிறு வைத்த குழாயில் அழுத்த அலை முட்டித் திரும்பி, ஓடப்பார்க்கும் கலவையை மறுபடி உள்ளே தள்ளும். பாய்க்கு இது யாரோ ஒரு சோழவரம் பந்தயக்காரர் மூலம் வந்தது. அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனால் கிழக்கு ஜெர்மனிக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கும்.

அங்கே எம்இசட் என்ற அரசுக் கம்பெனியில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர்தான் இந்தக் குழாய் வித்தையைப் பந்தயத்துக்குப் பழக்கியவர். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தில் உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது டெக்னரின் இன்ஜின் போனது. அன்றே அவரும் போய்விட்டார். மனைவி குழந்தைகளைக் கார் டிக்கியில் படுக்கவைத்து மேற்கே கடத்தியாகிவிட்டது. டெக்னர் நேராகப் போய்ச் சேர்ந்தது சுசூகியில். மறு வருஷமே சுசூகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டம். அலை அங்கிருந்து ஊர் ஊராக முட்டி, பாயின் கடைக் கதவையும் தட்டியது. ஜப்பான்காரர்கள் காப்பியடிப்பார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் பாய் கடையில் வரிசையில் நின்றவர்கள்.

வண்டி எப்படி ஓடியது? ஐயாயிரம் ஆர்பிஎம் வரை மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. அதைத் தாண்டியதும் அதே மாப்பிள்ளை சாராயம் குடித்த கதை. நீல நிறப் புகை, காது கிழியும் சத்தம், கை நீண்டுபோகும் இழுப்பு. ஆறு மாதம் பறந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கரை வளைவுக்கு முன்னால் இன்ஜின் சீஸ் ஆகிப் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. எண்ணெய் டப்பாவில் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்ற மறந்தது நான்தான். வண்டியைச் சொல்லிக் குற்றமில்லை. இடது முழங்கையில் அன்று வாங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை. புதுக் கதை போன இலையுதிர் காலத்தில் நடந்தது. இலையுதிர் காலம் என்று எழுதினால் நம்மூரில் சிரிப்பார்கள், ஆனால் ஜப்பானில் உண்மையிலேயே உதிர்கிறது. மகளும் மருமகனும் ஹமாமட்சுவில் வேலை பார்க்கிறார்கள். எனக்கு அது மெக்கா. அவர்களுக்கு வாடகை குறைந்த ஊர்.

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே கடலோரமாகக் கிடக்கும் ஊர் அது. விலாங்கு மீனுக்குப் பேர்போனது. பக்கத்துப் பக்கத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் இங்கிருந்துதான் கிளம்பினார்கள். டொராகுசு யமஹா 1887-இல் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆர்கன் பெட்டியைப் பழுது பார்க்க வந்து, அதே போல் ஒன்றைத் தானே செய்து பார்த்தவர். மிச்சியோ சுசூகி 1909-இல் தறிக் கம்பெனி தொடங்கியவர். சோய்ச்சிரோ ஹோண்டா கொல்லர் மகன். போர் முடிந்ததும் ராணுவ ரேடியோவுக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த குட்டி இன்ஜின்களை எடுத்துச் சைக்கிளில் மாட்டினார். ஒருவர் வாத்தியம், ஒருவர் நெசவு, ஒருவர் பட்டறை. கோயில் திருவிழா நடத்த ஏற்ற கூட்டணி; உலகத்தின் மிக வேகமான மோட்டார் சைக்கிளைச் செய்ய யாரும் இவர்களைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். யமஹா முத்திரையில் இன்றும் சுருதிக்கவை மூன்று இருக்கிறது. அது எதற்கு என்று அந்த வயதில் எனக்கு விளங்கியதே இல்லை.

அங்கே போய் நாலு நாள் சுற்றிய பிறகு எனக்குப் பட்டது இதுதான்: அந்த வண்டிகளின் வேகம் வேகத்துக்காக வந்ததில்லை, பங்காளிச் சண்டையில் வந்தது. வரப்புத் தகராறில் ஒருவன் கிணறு வெட்டினால் அடுத்தவன் இன்னும் பத்தடி ஆழம் வெட்டுவானே, அது. 1954-இல் சோய்ச்சிரோ, பிரிட்டனுக்குப் பக்கத்து ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் ஓடப்போவதாக அறிக்கை விட்டார். கம்பெனி அப்போது கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 1959-இல் 125 சிசி வண்டியோடு போனார்கள். நவோமி தனிகுச்சி ஆறாவதாக வந்தார். 1961-இல் 125, 250 இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடம் ஹோண்டாவுக்கு. சோய்ச்சிரோவுக்கு டூ ஸ்ட்ரோக் பிடிக்காது. சுசூகியும் யமஹாவும் குழாய் வித்தையால் முந்தப் பார்த்தபோது, அவருடைய ஆட்கள் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள். பிஸ்டன் சிறுத்தால் வேகமாகச் சுழலலாம், சுழற்சி கூடினால் திறன் கூடும். 250 சிசிக்குள் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் ஒரு தீர்த்த உத்தரணி அளவு, நிமிஷத்துக்கு 18,000 சுற்று. பங்காளி இல்லாதவன் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்வானா?

1969-இல் ஹோண்டா சிபி 750 கடைக்கு வந்தது. நாலு சிலிண்டர், 67 குதிரை, முன்னால் டிஸ்க் பிரேக், பொத்தானை அமுக்கினால் கிளம்பும். எவ்வளவு விற்கும் என்று அவர்களுக்கே நம்பிக்கையில்லாமல், முதல் ஏழாயிரத்துச் சொச்சம் வண்டிகளின் கிராங்க் கேஸை மலிவான அச்சில் வார்த்தார்கள். விலை உயர்ந்த அச்சு எதற்கு என்ற சிக்கனம். இன்று அந்தச் சொரசொர வார்ப்பு வண்டிகளைத்தான் சேகரிப்பவர்கள் பொன்விலை கொடுத்துத் தேடுகிறார்கள். ஹமாமட்சுக்காரர்கள் இப்படி அடித்துக்கொண்டிருக்க, கோபே பக்கத்தில் கப்பலும் ரயிலும் கட்டிக்கொண்டிருந்த கவாசாகி, சம்பந்தமே இல்லாத பெரிய மனிதர் பஞ்சாயத்தில் நுழைவது போல நுழைந்து, 1972-இல் 903 சிசியில் இசட் 1 விட்டது. பிரிட்டிஷ் வண்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்த வருஷங்கள் அவை. எங்கள் எருமையின் தாய்வீடும் அந்தச் சமயத்தில்தான் மூடியது. திருவொற்றியூர்ப் பெண் மட்டும் தாய்வீடு போன சேதி தெரியாதது போல டுப் டுப் என்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

1982-இல் சண்டை உச்சத்துக்குப் போனது. ஹோண்டாவை முந்துவோம் என்று யமஹா தலைவர் மேடையில் பேச, ஹோண்டா ஒன்றரை வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மாடல்களை இறக்கிப் பதில் சொன்னது. ஜப்பானில் அந்த வருஷம் 30 லட்சத்துக்கு மேல் வண்டிகள் கடைக்குப் போயின. யமஹா 1983-இல் வெளிப்படையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டது. அதே வருஷம் அமெரிக்கா 700 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் கூடுதலாக 45 சதவீத வரி போட்டது. ஹார்லியைக் காப்பாற்றத்தான். ஜப்பான்காரர்கள் அழவில்லை, 750-ஐ இழைத்து 700-க்குக் கீழே இறக்கி அனுப்பிவைத்தார்கள்.

இவ்வளவையும் செய்த ஊரில் இதையெல்லாம் யார் ஓட்டினார்கள் என்று மருமகனைக் கேட்டேன்.

“மாமா, இவங்க ஓட்ட விட்டாத்தானே!” என்றார்.

அவர் சொன்னதைப் பிறகு நானே துருவிப் பார்த்தேன். 1975-க்குப் பிறகு 400 சிசிக்கு மேல் ஓட்டத் தனி உரிமம் வேண்டும். போலீஸ் மையத்தில் நேராகப் பரீட்சை. படுத்துக்கிடக்கும் பெரிய வண்டியைத் தூக்கி நிறுத்துவதில் ஆரம்பிக்கும். ஒரே தடவையில் தேறியவரை ஊர் திரும்பிப் பார்க்கும். ஓட்டுநர் பள்ளியிலேயே கற்றுத் தேறலாம் என்ற வழி 1996-இல்தான் வந்தது. கம்பெனிகளும் பல வருஷம் உள்ளூருக்கு 750 சிசிக்கு மேல் விற்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. சண்டை உச்சத்தில் இருந்த அதே 1982-இல் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் நாடு தழுவித் தீர்மானம் போட்டன: பிள்ளைகளை உரிமம் எடுக்க விடாதே, வண்டி வாங்க விடாதே, ஓட்ட விடாதே. அப்பா தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து பிஸ்டன் கடைகிறார், அம்மா பள்ளிக்கூடத்தில் கை தூக்குகிறாள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹயாபுசா கதை. 1999-இல் சுசூகி விட்ட 1300 சிசி வண்டி. ஹயாபுசா என்றால் வல்லூறு. மணிக்கு 312 கிலோமீட்டர் போனது. ஹோண்டாவின் அப்போதைய வேகக்கார வண்டிக்குக் கரும்பறவை என்று பெயர். வல்லூறு எதைத் தின்னும் என்று சொல்ல வேண்டியதில்லை. பங்காளி வீட்டுக்கு எதிரே திருஷ்டிப் பொம்மை கட்டுகிற அதே புத்திதான். வல்லூறு பிறந்த அந்த வருஷம் ஜப்பானிய விரைவுச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சட்டம் அனுமதித்த வேகம் மணிக்கு 80. அடுத்த வருஷம்தான் 100 ஆனது. பின்னால் ஒருவரை உட்கார்த்திக்கொண்டு விரைவுச் சாலையில் போக 2005 வரை காத்திருக்க வேண்டும். வண்டி வேகத்தைப் பார்த்து ஐரோப்பிய அரசுகள் முறைக்க, எல்லோரும் 299-உடன் நிறுத்திக்கொள்வது என்று கம்பெனிகள் எழுத்தில்லாமல் ஒத்துக்கொண்டன. நூறு தாண்டாத ஊர்க்காரர்கள், முந்நூறைத் தாண்டாமல் இருப்பதாகப் பெருந்தன்மையோடு சத்தியம் செய்தார்கள்.

இப்போது சண்டையும் ஓய்ந்துகொண்டு வருகிறது. சுசூகி 2022 முடிவில் மோட்டோஜிபி பந்தயத்தை விட்டே போய்விட்டது, கடைசிப் பந்தயத்தை ஜெயித்துவிட்டு. ஹோண்டாவும் யமஹாவும் இத்தாலிய டுகாட்டிக்குப் பின்னால் ஓடிக் களைத்து, பின்தங்கியவர்களுக்கான சலுகையில் 2024-இல் கூடுதல் சோதனை ஓட்டம் வாங்கிக்கொண்டன. யமஹா டுகாட்டியிலிருந்து ஒரு பொறியாளரைத் தலைமைக்குக் கொண்டுவந்தது, அடுத்த வருஷம் ஹோண்டா அப்ரிலியாவிலிருந்து ஒருவரை. டெக்னர் பாணிதான், ஆனால் இவர்கள் விசா எடுத்து விமானத்தில் வந்தார்கள். டிக்கியில் பெட்டிதான் இருந்திருக்கும்.

நானும் சளைத்தவனில்லை. ஜப்பான் போவதற்கு ஆறு மாதம் முன்னால், ஓய்வூதியப் பணம் கையில் இருந்த துணிச்சலில், சென்னையில் ஒரு ஷோரூமுக்குள் நுழைந்தேன். ஹயாபுசா நின்றது. ஏறி உட்காரலாமா என்று கேட்டேன். பையன் மரியாதையாக, “தாராளமா சார். வண்டி பையனுக்கா?” என்றான். ஆமாம் என்றேன், எனக்கு ஒரே மகள். ஏறிக் குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்தேன். சக்கரம் வழுக்கினால் தானே திறனைக் குறைக்கும், வளைவில் சாய்ந்திருப்பதை அளந்து அதற்கேற்பப் பிரேக்கைப் பார்த்துக்கொள்ளும், கிளட்ச் பிடிக்காமலே கியர் விழும் என்று பையன் அடுக்கினான். ஓட்டுபவனுக்கு என்ன வேலை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் இறங்க வேண்டியிருந்தது, வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. பையனும் காவலாளியுமாகச் சேர்ந்து என்னை வண்டியிலிருந்து கழற்றினார்கள். சாய்வை அளக்கிற அந்தக் கருவி இதையும் அளந்திருக்கும்.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது மகளும் மருமகனும் ஹமனா ஏரிக்கு அழைத்துப் போனார்கள். விலாங்கு மீன் சோறு சாப்பிட்டுவிட்டு, சாலையோர ஓய்விடத்தில் ஏரியைப் பார்த்தபடி நின்றோம். பைக்குகள் வரிசையாக வந்தன. தலைக்கவசத்தைக் கழற்றினால் எல்லாம் வெள்ளை முடி. ஜப்பானில் புது வண்டி வாங்குபவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1982-இல் அம்மாக்கள் கை தூக்கித் தடுத்த பையன்கள்தான் இவர்கள். அம்மாக்கள் போன பிறகு வாங்கி ஓட்டுகிறார்கள். ஒருவர் இறங்கியதும் கொஞ்ச நேரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஏரியை ரசிப்பவர் போல நின்றார். எனக்கு அந்த ரசனை தெரியும்.

அப்போது பின்னால் ஒரு சத்தம். டுப், டுப், டுப். திரும்பினேன். ஒற்றை சிலிண்டர், வட்ட விளக்கு, நீளமான மட்கார்டு. டேங்கில் ஹோண்டா என்று இருந்தது. ஜிபி 350. நம்மூர் புல்லட்டுக்குப் போட்டியாக 2020-இல் இந்தியாவில் ஹைனஸ் என்ற பெயரில் இறக்கி, மறு வருஷம் ஜப்பானுக்கும் கொண்டுபோன வண்டி. 20 குதிரை சொச்சம். அங்கே சக்கைப்போடு போடுகிறது. பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றியவர்கள், அறுபது வருஷம் கழித்து, மெதுவாக டுப் டுப் என்று அடிக்க வைப்பதற்கு மெனக்கெட்டிருக்கிறார்கள்.

ஓட்டிவந்த பெரியவருக்கு என் வயதிருக்கும். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். மகள் பேச்சுக் கொடுத்தாள். போன வருஷம் வரை பெரிய வண்டி வைத்திருந்தாராம், முதுகு போய்விட்டதாம். “இந்தியாவில் இது நிறைய ஓடுமாமே, உங்களிடம் உண்டா என்று கேட்கிறார், அப்பா.”

குடும்ப வாட்ஸாப் குழுவில் அக்கா போட்டிருந்த பழைய படம் போனில் இருந்தது. நாலு வயது நான் டேங்க் மேல். பின்னால் அப்பா, கண்ணாடியும் வேட்டியுமாக. பெரியவர் போனை வாங்கி இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை, இன்ஜினைப் பார்த்தார். இது இப்போது எங்கே என்றார். விற்றுவிட்டேன் என்றேன். எவ்வளவுக்கு என்றார். சொன்னேன். மகள் மனசுக்குள் கணக்குப் போட்டு யென்னில் மாற்றிச் சொன்னாள். மத்தியானம் நாங்கள் மூன்று பேர் சாப்பிட்ட மீன் சோற்றின் பில் அளவுக்கு வந்தது.

பெரியவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, துக்கம் கேட்க வந்தவர் போல, இடுப்பிலிருந்து மெல்லக் குனிந்தார். நிமிரத்தான் கொஞ்ச நேரம் ஆனது.